ஒரு ஃபிளிப்-ஃபிளாப் போதுமா?

எஃப்.எஸ்.கே.ன்னா 0-க்கு ஒரு அதிர்வெண், 1-க்கு இன்னொன்று. அதைத் திரும்பப் பிரித்தெடுக்க ஒரு மோனோஸ்டபிளும் ஒரு டி ஃபிளிப்-ஃபிளாப்பும் போதும் என்று சொல்வார்கள். போதும்தான். ஆனா எந்த சிக்னலுக்கு?

இந்த சர்க்யூட் கச்சிதமாகப் பொருந்தும் இடம் கான்சஸ் சிட்டி ஸ்டாண்டர்ட். சாதாரண கேசட்டில் கம்ப்யூட்டர் டேட்டாவைப் பதிய, 1975 நவம்பரில் பைட் பத்திரிகை கூட்டிய கூட்டத்தில் பிறந்தது. வேகம் 300 பாட். '1' என்றால் 2400 ஹெர்ட்ஸில் 8 சுற்று, '0' என்றால் 1200 ஹெர்ட்ஸில் 4 சுற்று.

2400 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 417 மைக்ரோ செகண்ட், 1200-ல் 833. மோனோஸ்டபிளை நடுவில், 625-ல் வைக்கிறோம். அலையின் ஒவ்வொரு ஏறுமுனையும் அதைப் புதிதாகத் தட்டிவிடும். அதே முனையில் ஃபிளிப்-ஃபிளாப், "முந்தைய தட்டல் இன்னும் ஹையில் இருக்கா?" என்று பார்க்கும். இருந்தா 1, விழுந்திருந்தா 0. டேப் 20 சதவீதம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடினாலும் இந்தத் தீர்ப்பு மாறாது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான யோசனை!

இதையே அப்படியே பெல் 202-க்குத் தூக்கிப் போடும்போதுதான் சிக்கல். அங்கே '1' 1200 ஹெர்ட்ஸ், '0' 2200 ஹெர்ட்ஸ், வேகம் 1200 பாட். அதாவது ஒரு பிட்டுக்குள் 1200-ல் ஒரே ஒரு சுற்று, 2200-ல் 1.83 சுற்று. பிட் மாறும் இடம் சுற்றின் நடுவில் விழும். அந்தச் சுற்று பாதி இது, பாதி அது. கேசட்டில் ஒரு சுற்று கெட்டாலும், அது பிட்டின் நடுவில் விழாதவரை தப்பிக்கலாம். இங்கே இரைச்சலால் ஒரு பொய் முனை வந்தாலே பிட் போச்சு.

இதற்கு மாற்றும் டிஜிட்டலிலேயே இருக்கு. சதுர அலையை ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் 446 மைக்ரோ செகண்ட் தாமதப்படுத்தி, மூல அலையோடு எக்ஸ்-ஆர் செய்யலாம். 2200 ஹெர்ட்ஸுக்கு அந்தத் தாமதம் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று, அதனால் இரண்டும் ஒத்துப்போகும். 1200-க்கு அது அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல், எதிராக நிற்கும். வெளியீட்டை வடிகட்டி சராசரி எடுத்தால், ஒரு பொய் முனை மட்டும் பிட்டைப் புரட்டிவிட முடியாது. சிப் சில கூடும், அவ்வளவுதான்.

ஆக, கேசட் சர்க்யூட்டின் எளிமைக்குப் பாதிப் புகழ் சிக்னலை வடிவமைத்தவர்களுக்குப் போகணும். சுத்தமான ஜெனரேட்டர் அலையைக் கொடுத்து சோதிச்சா ரெண்டுமே பாஸ்தான். அதனால் புராஜெக்டில் சர்க்யூட்டைத் தேர்ந்தெடுக்கும் முன், ஒரு பிட்டுக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்க. அப்புறம் கொஞ்சம் இரைச்சலைக் கலந்து சோதிச்சுப் பாருங்க.