ஞாபகத்தின் சாட்சியம்

'என் ஞாபகத்தில் உள்ளதை அப்படியே எழுதியிருக்கிறேன்' என்ற வாக்கியம் நம் உரைநடையாளர்களுக்கு ஒரு அடைக்கலமாகிவிட்டது. முன்னுரையில் இதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் விமர்சகனுக்கு அங்கே வேலையில்லை. விமர்சகர்களும் சளைத்தவர்களல்ல. அதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, 'ஞாபகத்துக்கு விசுவாசமாக இல்லை' என்று தீர்ப்பு எழுதுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் குறுநாவலைப் பற்றி நானும் அப்படி எழுதினேன். அதில் வரும் பாட்டி வீடு எனக்குத் தெரிந்த வீடு. கிணறு கொல்லைக் கோடியில் இருந்தது. நாவலில் அது அடுப்பங்கரை வாசலுக்கு நேரே வந்துவிட்டிருந்தது. ஒரு கிணற்றையே சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளாதவர் அனுபவத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்று கேட்டிருந்தேன். கேள்வி எனக்கே பிடித்திருந்தது. அதன் பிறகு நண்பர் எழுதவில்லை. அதற்கு என் மதிப்புரை காரணமில்லை என்கிறார். காரணமோ இல்லையோ, என் அளவுகோல் தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

எழுதுகிறவர், விமர்சிக்கிறவர் இருவருக்கும் பொதுவான அனுமானம் ஒன்று உண்டு. அனுபவம் நடந்த அன்றே மனசில் பதிவாகிறது, அங்கேயே கிடக்கிறது, வேண்டும்போது எடுத்து வரலாம் என்பது அது. பாங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு இது வசதியான படிமம்: வவுச்சர், லெட்ஜர், ரிக்கார்டு ரூம். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் 1932-லேயே இதைக் கேள்விக்குள்ளாக்கினார். அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்து, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அவர்களுக்குப் பழக்கமில்லாதவை கதையிலிருந்து உதிர்ந்தன. மீதி, பழக்கமானவையாக மாறிற்று. மறதியைவிட இந்த மாற்றம்தான் முக்கியம். நினைவுகூர்தல் ஒரு கட்டுமானம் என்பது அவர் முடிவு.

மூளையின் தளத்தில் நடப்பதை ஹென்றி மொலைசனின் துயரம் காட்டியது. வலிப்பு நோயிலிருந்து மீட்பதற்காக 1953-ல் ஸ்கோவில் என்ற சர்ஜன் அவர் மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார். அதிலிருந்து 2008-ல் இறக்கும்வரை புதிதாக நடந்தது அநேகமாக எதுவும் அவரிடம் தங்கவில்லை. வருஷக்கணக்கில் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு சந்திப்பிலும் அவருக்குப் புது மனுஷி. ஆனால் சிறுவயது விஷயங்களைச் சொல்ல முடிந்தது. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேறிற்று. அதைச் செய்ததாக மட்டும் அவருக்கு ஞாபகமில்லை. ஆக ஞாபகம் ஒரே பொருளுமல்ல, ஒரே இடத்தில் இருப்பதுமல்ல. அது பதிவதன் ஸ்தூலமான அடையாளமாக இன்று கருதப்படுவது நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் வலுப்படுவது. முயல் மூளையில் இந்த வலுப்படுதலை பிளிஸ், லோமோ இருவரும் 1973-ல் விவரித்தார்கள்.

நம் விஷயத்துக்கு இதைவிட நெருக்கமானது 2000-ல் கரீம் நாடர், ஷாஃபே, லெடூ ஆகியோர் எலிகளிடம் செய்த சோதனை. ஒரு ஓசைக்குப் பயப்பட எலிகளைப் பழக்கினார்கள். பயம் நன்றாக வேரூன்றிய பின் ஓசையை மீண்டும் கேட்கச் செய்து, உடனே, புரதம் உற்பத்தியாவதைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். அந்தப் பயமே போயிற்று. ஓசையைக் கேட்க வைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதாவது நினைவுக்கு வரும் கணத்தில் ஞாபகம் இளகுகிறது. மறுபடி கெட்டிப்பட வேண்டியிருக்கிறது. மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் விவாதம் ஓயவில்லை. ஆனால் எங்கள் கௌண்டரில் இதற்கு ஒரு ஒப்புமை கிடைக்கிறது. கணக்குத் தொடங்கியபோது வாங்கிய மாதிரிக் கையெழுத்தோடு இன்றைய கையெழுத்து ஒத்துப்போகாத பெரியவர்கள் வருகிறார்கள். பொய்க் கையெழுத்தல்ல. ஒவ்வொரு தடவையும் அவர்கள் பின்பற்றியது முதல் கையெழுத்தை அல்ல, கடைசியாகப் போட்டதை. 'நான் எப்பவும் இப்படித்தான் போடுவேன்' என்று அவர்கள் சொல்வதிலும் பொய்யில்லை.

என் சொந்தக் கையெழுத்தும் இப்படித்தான். செஞ்சியில் ராஜகிரி உச்சிக்கு ஏறும் வழியில் பாறைப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம் உண்டு. ஏழெட்டு வயதில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அதைக் கடத்திவிட்டார். தேசிங்கு இங்கேதான் குதிரையைத் தாண்ட வைத்தான் என்றார். இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். போன பொங்கலுக்கு வந்த அக்கா கேட்டுவிட்டுச் சொன்னாள்: 'அப்பாவுக்கு முட்டி வலி. வெங்கட்ரமணர் கோயிலைத் தாண்டி அவர் ஏறினதே இல்லை. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. உன் கையைப் பிடிச்சது நான்தான்.' அப்பா இப்போது இல்லை. அக்காவின் சாட்சியத்தை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனாலும் மணிக்கட்டில் இருப்பது அப்பாவின் பிடிதான்.

செஞ்சியே இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று பலர் கைக்கு மாறிய கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது மராட்டிய ராணுவக் கோட்டைகளில் ஒன்றாக. ஆனால் ஊரின் வாயில் இருப்பவன் 1714-ல் ஏறத்தாழப் பத்து மாதமே ஆண்ட தேஜ் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திர இளைஞன். பெயர் தேசிங்கு ஆயிற்று. டெல்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை அடக்கியவன் ஆனான். கல்யாணத்தைப் பாதியில் விட்டு வந்து அவனோடு சாகும் மகபத்கான் கதையின் மையத்துக்கு வந்தான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் கப்பப் பாக்கியில் வளர்ந்த தகராறு பாடலில் சிநேகத்தின் கதையாயிற்று. பாடலைப் பொய் என்று தள்ளுகிறவரும் அதையே சரித்திரம் என்று கொண்டாடுகிறவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இருவருக்கும் பாடல் ஒரு கிடங்கு. உள்ளே சரக்கு இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை. எதற்காக இப்படிக் கட்டப்பட்டது என்று கேட்பதே விமர்சனம்.

நவீன எழுத்தில் இந்தக் கட்டுமானத்தை மறைக்காமல் காட்டியவர் நகுலன். 'நினைவுப்பாதை' 1972-ல் வந்தபோது ஞாபகம் பற்றி நாம் நம்பியது வேறு. அதில் சுசீலா முன்பே எங்கோ இருந்து நினைவுக்கு வருகிறவளாக எனக்குப் படவில்லை. நினைக்கப்படும்போதுதான் அவள் உருவாகிறாள். நினைக்கிற நவீனனும் அப்போதுதான் உருவாகிறான். திரும்பச் சொல்வது அங்கே சலிப்பல்ல, முறை. நம் 'ஊர் நினைவு' எழுத்துக்களில் ஞாபகம் ஒருபோதும் தடுமாறுவதில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய சம்பாஷணை புள்ளி, கமா பிசகாமல் வருகிறது. அந்தச் சரளத்தைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் யாரும் எதையும் எழுதலாமா என்று கேட்கலாம். இல்லை. ஞாபகம் கட்டப்படுவது என்றால், கட்டியதற்குப் பொறுப்பும் எழுதியவனுடையதே. 'அப்படித்தான் ஞாபகம்' என்று அவன் ஒதுங்க முடியாது. என் அக்காவின் சாட்சியத்துக்கும் அவன் எழுத்தில் இடம் விட்டாக வேண்டும்.

நண்பரின் குறுநாவலை மறுபடி படித்தேன். பாட்டி கிணற்றடியில் விழுகிறாள். பேரன் அடுப்பங்கரை வாசலில் நின்று பார்க்கிறான், ஓடவில்லை. கிணறு கொல்லைக் கோடியில் இருந்திருந்தால் அவன் பார்த்திருக்க முடியாது, குற்றமும் இல்லை. அந்தக் குற்றம்தான் கிணற்றை வாசலுக்கு இழுத்து வந்திருக்கிறது. நாவலின் உண்மையே அந்த நகர்வில் இருக்கிறது. அதைத்தான் நான் பிழை என்று எண்ணி எழுதினேன். நாவலில் குறை இல்லாமல் இல்லை. அதே கிணற்றுக்குப் பாசியும் புறாவும் சேர்த்து வர்ணிக்கும் மூன்றாம் அத்தியாயம் வெறும் அலங்காரம். சொல்லியிருக்க வேண்டியது அதை.

இதை அவருக்குக் கடிதமாக எழுதியிருக்கலாம். ஆனால் மதிப்புரை அச்சில் வந்தது. திருத்தமும் அச்சில் வருவதுதான் முறை.