வகுப்பறைக்கென்றே பிறந்த வண்ணம்

ஓவியப் பொருள்கள் பல ஓவியர்களுக்கென உருவாகிப் பின்னர் பள்ளிக்கு வந்தவை. ஆயில் பேஸ்டலோ பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பிறந்து, பின்னர் ஓவியர்களின் கைக்குச் சென்றது. மாதிரிப் படங்களைப் பார்த்து வரைவதே ஜப்பானியப் பள்ளிகளில் ஓவியக் கல்வியாக இருந்த காலத்தில், கனாயே யமமோட்டோ என்னும் ஓவியர் 1919-இல் நாகானோ பகுதியில் தொடங்கிய சுதந்திர ஓவிய இயக்கம், பிள்ளைகள் தாம் கண்டதையும் உணர்ந்ததையும் தீட்ட வேண்டும் என வற்புறுத்தியதால், அதற்கேற்ற வண்ணப்பொருளும் தேவைப்பட்டது. மெழுகு மிகுந்த கிரேயானில் நிறங்கள் எளிதில் கலப்பதில்லை. நிறப்பொடியைப் பிசினால் பிணைத்த பேஸ்டலோ உதிர்ந்து கையெல்லாம் ஒட்டும். நிறப்பொடியுடன் மெழுகையும் உலராத எண்ணெயையும் சேர்த்து, சகுரா நிறுவனம் 1925-இல் வெளியிட்ட கிரே-பாஸ் என்னும் ஆயில் பேஸ்டல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. தொடக்கத்தில் கோடைக்கும் குளிருக்கும் எண்ணெய் அளவை மாற்றித் தனித்தனியே செய்தார்கள் என்பது வியக்கத்தக்க அக்கறைதான்.

இதைக் கொண்டு கற்பிக்கும் உத்திகளுள் சுவையானது சுரண்டல் முறை, அதாவது ஒரு நிறத்தின்மேல் மற்றொன்றை அழுத்திப் பூசி, மேற்பூச்சைக் குச்சியால் கீறி அடிநிறத்தை வெளிக்கொணர்வது. அடிநிறம் வெளிறியும் மேல்நிறம் அடர்ந்தும் இருந்தால்தான் கோடு பளிச்சிடும் என்பதை மட்டும் ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.