பால்மரத்துக்கு யார் உபயம்?

1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஈயத்தால் செழித்த ஈப்போவிலிருந்து இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். பழைய நகரத்துக் கடைவீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்று வார இறுதியில் அதே தெருக்களில் கூட்டம் நெருக்குகிறது. வெள்ளைக் காப்பியும், 2014-இல் ஒரு காப்பி நிறுவனத்தின் ஆதரவில் எர்னெஸ்ட் சக்காரெவிச் வரைந்த சுவரோவியங்களும் மட்டும் அதற்குக் காரணமல்ல. தனியார் பணத்தில் எழுந்த சிறிய அருங்காட்சியகங்களுக்கும் அதில் பங்குண்டு.

பிஜே தீமா சாலையில் இருக்கும் ஹான் சின் பெட் சூ அவற்றில் முக்கியமானது. லியோங் ஃபீ என்ற ஹக்கா சுரங்க முதலாளி 1893-இல் தொடங்கிய சங்கம் அது. 2015 முதல் அந்தக் கட்டடத்தில் சுரங்க வாழ்க்கையை வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள். பக்கத்திலேயே ஹோ யான் ஹோர் மூலிகைத் தேநீர் நிறுவனம் தன் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. கம்பாரில் சுரங்கத் தொழிலில் இருந்தவர்களின் முயற்சியில் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. தஞ்சோங் துவாலாங்கில், 1938-இல் கட்டப்பட்ட 4,500 டன் எடையுள்ள ஈயம் தோண்டும் கப்பல் துருப்பிடித்து மூழ்காமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அரசாங்கத்துக்காகக் காத்திருந்திருந்தால் இவற்றில் பாதி மண்ணோடு போயிருக்கும். சங்கங்களும் குடும்பங்களும் தங்கள் பணத்தைப் போட்டு ஒரு நகரத்தின் நினைவை மீட்டது பெரிய காரியம். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இந்த முறையில் பணம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, நினைவும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஈயத்துக்கு முதலாளிகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது, சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இருந்தது, பேரப்பிள்ளைகளிடம் வசதி இருந்தது. பேராக்கின் இன்னொரு பாதியான ரப்பரிலோ, துரைமார் தாயகம் திரும்பினார்கள், நிறுவனங்கள் கை மாறின, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிறகு செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பால் மங்கு கழுவி, காண்டா வாளியில் ரப்பர்ப்பால் சுமந்தவர்களின் பேரில் நன்கொடை விருந்து நடத்த ஆளில்லை. கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரப்பர் மரம் ஒன்று வேலியும் பெயர்ப்பலகையுமாக நிற்கிறது. அந்த மரத்துக்குக் கிடைத்த மரியாதை அதை வெட்டிய கைகளுக்குக் கிடைக்கவில்லை.

பத்து காஜாவின் கெல்லி கோட்டைக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி, தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்துக் கட்டிய மாளிகை அது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் வேலை பாதியில் நின்றது. இன்று சீட்டு வாங்கி உள்ளே போகிறவர்களை இழுப்பது பேய்க் கதை. காய்ச்சலில் மாண்ட தொழிலாளர்களும், அவர்களுக்காக அருகில் எழுந்த மாரியம்மன் கோயிலும் கதையின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றன. அந்தக் கோயிலின் கூரைமேல் தெய்வங்களுக்கு நடுவே தொப்பியணிந்த துரைக்கும் ஒரு சிலை உண்டு. தொழிலாளி ஒருவனுடைய பெயர்கூட அங்கே இல்லை. நுழைவுச்சீட்டை மட்டும் நம்பும் இடம், கூட்டம் கேட்கும் கதையைத்தான் முன்னே வைக்கும்.

இன்னொரு குறை, கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் நடத்துவதற்குக் கிடைப்பதில்லை. அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டில் பெயர் என்றால் கொடுப்பவர்கள் வருவார்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் புகைப்படங்களைக் காக்கவும், பொருள்களைப் பட்டியலிடவும், ஒருவருக்கு மாதச் சம்பளம் தரவும் யாரும் முன்வருவதில்லை. எஃகுத் தொழில் சரிந்த ஷெஃபீல்டு நகரம் இதற்கு விலை கொடுத்தது. லாட்டரி நிதியோடு சுமார் 1.5 கோடி பவுண்டு செலவில் 1999-இல் அங்கே இசை அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வரவில்லை. மறு ஆண்டே மூடினார்கள். நன்கொடைக்கான வரிச்சலுகையும் சிறிய அளவில் கொடுப்பவர்களுக்கு உதவாது. மலேசிய வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் கழிவு உண்டு. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அதனால் என்ன பயன்?

அப்படியானால் தோட்டத்திலிருந்து வந்த நம் சமூகத்தால் பணம் திரட்ட முடியாதா? முடிந்திருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டத் துண்டாடல் உச்சத்தில் இருந்தபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நாட்கூலிகள் தோட்டத்துக்குப் பங்குதாரர்களான அந்தக் கதைக்கே ஓர் அருங்காட்சியகம் தகும்.

அதே சமூகம் பிறகு சூடுபட்டும் இருக்கிறது. 1982-இல் தொடங்கிய மைக்கா என்ற முதலீட்டு நிறுவனத்தில் சுமார் 66,000 இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் கழித்துப் பங்குக்கு 80 காசு கைக்கு வந்தது. மரபைக் காக்க நிதி தாருங்கள் என்று இன்று யாராவது கதவைத் தட்டினால், வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதை என்னால் குறை சொல்ல முடியாது. எனவே நிதி திரட்டலைப் பற்றிப் பேசும்போது கணக்கைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

இந்த இடத்தில் நம் கோயில்கள் வழிகாட்டுகின்றன. பேராக்கின் எந்தத் தோட்டக் கோயிலிலும் குழல்விளக்கிலிருந்து மணிவரை 'உபயம்' என்று ஒரு பெயர் இருக்கும். எவ்வளவு சிறிய தொகைக்கும் ஒரு பொருள் கண்ணெதிரே நிற்கும். கும்பாபிஷேகத்துக்குத் தோட்டத்தை விட்டுப் போனவர்களும் பணம் அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தை நினைவுக் காப்புக்குத் திருப்பலாம். ஒரு மூதாட்டியின் ஒலிப்பதிவுக்கு ஒரு குடும்பம் உபயம். ஒரு பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை மின்படியாக்க முன்னாள் மாணவர்கள் உபயம். இதிலும் ஆபத்து உண்டு. பெயர் ஆசை முந்தினால் கங்காணி வீட்டுப் படம் பெரிதாகவும் லயத்து வீட்டுப் படம் சிறிதாகவும் தொங்கும். எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் குழுவையும் பணம் வாங்கும் குழுவையும் பிரித்து வைத்தால்தான் அதைத் தடுக்க முடியும்.

பெரிய கட்டடமும் தேவையில்லை. இலங்கையில் கம்பளைக்கு அருகே 2007-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் பழைய லயத்து அறைகளிலேயே இருக்கிறது. பேராக்கில் 130-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டம் போன பிறகும் பல பள்ளிகள் அந்தத் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒரு வகுப்பறையும் பூட்டுள்ள அலமாரியும் தொடக்கத்துக்குப் போதும். ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்ற கொறிக்கும் தின்பண்டம் விற்பவர்களின் கதையையும் அங்கேயே சேர்க்கலாம். ஈப்போவின் சுற்றுலா அவர்களிடம் வாங்கித் தின்றதோடு நிறுத்திக்கொண்டது.

துண்டாடல் காலத்தில் இளைஞர்களாகப் பால் வெட்டியவர்களுக்கு இப்போது எண்பது வயது கடந்துவிட்டது. திரட்டும் முதல் வெள்ளி, அவர்கள் வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போகும் இளைஞனின் பேருந்துக் கட்டணத்துக்கும் சம்பளத்துக்கும் போக வேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் கோயில் மண்டபத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். கட்டடத்துக்கான அடிக்கல் அதற்குப் பிறகு வரட்டும்.