வேதாளம் ஏன் சிரிக்க வைத்தது?

ஹட்டனில் வாப்பாவின் கடைக்கு வரும் லயத்துப் பிள்ளைகளுக்குப் பழைய ‘அம்புலிமாமா’ வாசித்துக் காட்டுவேன். விக்கிரமாதித்தன் வாய் திறக்கும் இடத்தில் ஒருத்தன் கத்துவான்: “பேசாத ராசா, பொணம் ஓடிரும்!” எல்லோரும் சிரிப்பார்கள்.

சுடுகாடு, தோளில் பிணம், விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் வெடித்துவிடும் தலை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சொன்னாலோ சுமை மரத்துக்கே திரும்பிவிடும். நாள் முழுக்கக் கொழுந்து சுமந்தும், நிறுவையில் குறைந்து அரைப்பேரோடு திரும்பும் தாயைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். ராசாவுக்கும் இதே கதிதானா என்றுதான் சிரித்தார்கள்.

11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் ‘கதாசரித்சாகர’த்தில் சேர்த்த வேதாளக் கதைகள் இருபத்தைந்து. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, பின்னர் அந்தச் சட்டகத்துக்குள் மாதந்தோறும் புதுக்கதைகளை நிரப்பியது. ஆனால் முடிவை விட்டுவிட்டது. மூலத்தில் கடைசிக் கேள்விக்கு அரசனுக்கு விடை தெரியவில்லை. அந்த மௌனத்தில்தான் வேதாளம் மனமிரங்குகிறது. தொடர் ஓட வேண்டுமே, அதனால் அம்புலிமாமாவின் அரசன் விடை தெரிந்தவனாகவே நடக்கிறான்.

‘தெரியாது’ என்பது பாதி அறிவு என்பார்கள் நம் ஆலிம்கள். சுமை இறங்கும் அந்த இடத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானும்தான்.