தம்பிக்கு எழுதினார், தங்கைக்கு?

குடியியல் பாடம் நடத்த வகுப்பில் நுழைகிறோம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் எது என்று கேட்டால், 26-1-1950 என்று நாற்பது குரல்கள் ஒருங்கே ஒலிக்கின்றன. பதினைந்தாம் விதியில் நான்காம் உட்பிரிவு ஏன் வந்தது என்று கேட்டாலோ, அமைதி! கருவேப்பிலங்குறிச்சிப் பிள்ளைகள் விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களைக் கண்டவர்கள். அங்கே அச்சில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை வார்ப்பதுபோல், நம் பாடநூல் விடைகளை வார்த்து அடுக்குகிறது. சென்னை மாநில வகுப்புவாரி ஆணை 1950-இல் உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்ததும், பெரியார் மூட்டிய கிளர்ச்சி தெருத்தெருவாய்ப் பரவியதும், 1951-இல் உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பையே உறுதி செய்ய, அவ்வாண்டே முதல் திருத்தம் பிறந்ததும் எங்கே? எண் இருக்கிறது, எண்ணுக்குள் இருந்த மக்கள் இல்லை!

அந்த மக்களை நோக்கி எழுதப்பட்ட குடியியல் நூல் ஒன்றுண்டு. அதுதான் அண்ணாவின் 'தம்பிக்கு' மடல்கள். 1955 முதல் 'திராவிட நாடு' ஏட்டிலும், பின்னர் 'காஞ்சி'யிலும் வெளிவந்தவை. படிப்பகத்திலும் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். தேர்தலும் திட்டமும் ஆட்சிமொழியும், பள்ளியே காணாதவன் வாதாடும் பொருள்களாயின. அடுக்குமொழி சில இடங்களில் கருத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும், அந்த ஓசைதான் எழுத்தறியாச் செவியிலும் செய்தியை நிறுத்தியது.

இக்கல்விக்குக் கடுஞ்சோதை வந்த ஆண்டு 1963. நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று வேட்பாளர் உறுதிமொழி கூற வேண்டும் என்றது பதினாறாம் திருத்தம். பிரிவினையை முழங்கி வளர்ந்த கழகம், அக்கோரிக்கையைக் கைவிட்டது. கோழைத்தனம் என்றனர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1957-இல் 15, 1962-இல் 50 என்று சட்டமன்ற இடங்களை ஈட்டியவர்கள், வாக்குச்சீட்டின் வலிமையைக் கற்றிருந்தனர். முழக்கத்தை விட்டும் தொண்டர் கூட்டம் கலையவில்லையே! 1967-இல் ஆட்சி வந்தது. அவ்வாண்டு சூலை 18-இல் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேற்றிற்று; நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று; 14-1-1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. எந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டினரோ, அதன் வழியாகவே பெற்ற பேறு அன்றோ அது!

இனி நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். மடலெல்லாம் தம்பிக்கு, தங்கைக்கு எங்கே? சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய கை, பெண்ணின் உரிமையை அறியாத கையன்று. ஆனால் அரசியல் பேச உட்கார்ந்தபோது எதிரே ஆண்மகனையே அமர்த்திக்கொண்டது. அன்பின் விளிதான், ஆயினும் விளி, கேட்போர் யார் என்பதையும் வரையறுத்துவிடுகிறது. படிப்பகத்துப் பலகையில் அன்று எத்தனை பெண்கள் அமர்ந்தனர்?

சட்டம் அவளை அழைத்துவிட்டது. 1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம் திருத்தம் ஊராட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2016-இல் தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது. நாற்காலி வந்தது, மடல் வரவில்லை. நம் மாணவி ஒருத்தி, எங்கோ ஒரு சிற்றூரில் கண்ட சுவரொட்டியைப் பற்றிக் கேட்டாள்: "தலைவர் அந்த அம்மாதானே ஐயா, அவர் கணவர் படம் மட்டும் ஏன் அவ்வளவு பெரிது?"

அவ்வினாவைக் கரும்பலகையில் எழுதினோம். மறுநாள் பாடம் அதிலிருந்து தொடங்கிற்று.