பால் துணிதலும் சான்றளித்தலும்

ரிஷிவந்தியத்தில் எழுந்தருளியுள்ள பெருமானுக்கு அர்த்தநாரீசுவரர் என்பது திருநாமம். இலிங்கத் திருமேனிக்குத் தேனபிடேகம் நிகழுங்கால் அம்மையின் வடிவும் அதன்கண் தோன்றும் என்பர். இவ்வடிவைக் காட்டித் திருநங்கையர்க்குப் பெருமை கூறுவாரது நோக்கம் நன்றே. ஆயினும் அச்சான்று பொருந்துவதன்று. மாதொருபாகம் சிவமும் சத்தியும் பிரிவின்றி நிற்றலை உணர்த்தும் அருட்டிருமேனி. வினைவயத்தான் வந்த உடம்பன்று. ஆண் பெண் என்னும் பாகுபாடு மாயையின் காரியமாகிய உடம்பின்கண்ணதே, ஆன்மாவின்கண் இல்லை என்னும் சித்தாந்தத் துணிபே அவர்க்கு உற்ற துணையாம்.

இனி, வழக்கிற் பால் துணியுமாறு யாதெனின், பெண்மை விட்டு ஆண்மையை அவாவும் பேட்டினை ஆண்பாலென்றும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவதனைப் பெண்பாலென்றும் வகுத்தார் நன்னூலார். ஈண்டு அளவுகோல் அவாவே. பிறரொருவர் நோக்கி உறுதி செய்தல் வேண்டுமென அவர் கூறிற்றிலர். அச்சூத்திரத்தின் இறுதியடி இருவரையும் அஃறிணைபோல வழங்கவும் இசைகின்றது. அது வருந்தத்தக்கதே, மறைத்தல் முறையன்று.

2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம், தம் பாலைத் தாமே துணிதற்கு ஒருவர் உரியரென்றும், அதற்கு அறுவைச் சிகிச்சையை வற்புறுத்தல் தகாதென்றும் தீர்ப்பளித்தது. 2019-இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தாமே உணர்ந்த பாலுக்கு உரிமை கூறிற்று. அடுத்து 6-ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியரின் சான்றை விதித்தது. 7-ஆம் பிரிவோ, ஆணென்றோ பெண்ணென்றோ அச்சான்று திருத்தம் பெறுதற்குச் சிகிச்சையும், அதற்கு மருத்துவ அதிகாரியின் கைச்சாத்தும் வேண்டிற்று. காரக ஏது வேறு, ஞாபக ஏது வேறு: குடத்தை வனைவான் குயவன், இருளில் அதனைக் காட்டுவது விளக்கு. 4-ஆம் பிரிவின்படி விளக்காக நிற்றற்குரிய சான்று 7-ஆம் பிரிவிற் குயவனாயிற்று. நூற்குற்றம் பத்தனுள் இது மாறுகொளக் கூறல் என்க.

அற்றேல், சான்றே வேண்டாவென விலக்குவரோ எனின், விலக்கார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அவ் 2019-இலேயாம். ரிஷிவந்தியத்தார் ஒருவர் அவ்வாட்சியர் அலுவலகத்தை நாடுவது கல்வியும் அரசின் உதவியும் கருதியே. தாம் இன்னாரென அறியாமையானன்று. வேண்டியும் வெறுத்தும் நிற்கும் அந்நிலைக்கு ஏது இதுவே.

அதே மாவட்டத்துக் கூவாகத்திலும் இதனைக் காணலாம். சித்திரை விழாவிற் பூசாரி கையால் தாலி பெறும் திருநங்கையர் மறுநாள் அதனை அறுத்து வெள்ளுடை புனைகின்றனர். அத்தாலியும் பாலை ஆக்குவதன்று. நேர்த்திக்கடனாக அதனைப் பெறும் ஊராடவர், அறுத்தபின் ஆடவராகவே உழவிற்குச் செல்கின்றனர்.