செம்பனை எண்ணெயும் விசுவாசமும்

2020 ஜனவரி இரண்டாவது வாரத்தில் என் பெரியப்பா எங்கள் குடும்ப வாட்சப் குழுவை விட்டு வெளியேறினார். காரணம் நான் போட்ட ஒரு படம். பாமாயில் பாக்கெட் ஒன்றின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. கீழே, ‘இனி துன் அவர்களே இந்த எண்ணெயில் பஜ்ஜி சுட்டுச் சாப்பிடட்டும்’ என்று ஒரு வரி. பதினேழு பேர் சிரித்தார்கள். தஞ்சாவூரில் இருக்கும் ஒரு சித்தப்பா கைதட்டல் போட்டார். பெரியப்பா ஒன்றும் எழுதவில்லை. வெளியேறிவிட்டார் என்ற சாம்பல் நிற வரி மட்டும் திரையில் நின்றது.

அவர் இருபத்தெட்டு வருடம் எண்ணெய் லோரி ஓட்டியவர். கோலா சிலாங்கூர், பந்திங் பக்கத்துச் செம்பனை ஆலைகளிலிருந்து கச்சா எண்ணெயை ஏற்றிக்கொண்டு போர்ட் கிள்ளான் சுத்திகரிப்பு ஆலையில் இறக்குவது அவர் வேலை. அந்த வாரம் அவருக்கு இரண்டே ட்ரிப். “ட்ரிப்புக்குத்தான்டா காசு. மாசச் சம்பளம்னு நினைச்சியா?” என்று அப்பா என்னைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும்.

அந்த மாதங்களில் நம் ஆட்கள் போட்ட சண்டையைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக நிறையப் பதிவுகளைச் சேமித்து வைத்திருந்தேன். என்னுடைய படமும் அவற்றுக்குள் இருக்கிறது. இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் தேதி மறந்திருக்கும். 2019 ஆகஸ்டில் இந்தியா ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கியது. செப்டம்பர் கடைசியில் ஐநா பொதுச் சபையில் மகாதீர், இந்தியா காஷ்மீரைப் படையெடுத்து ஆக்கிரமித்துவிட்டது என்று பேசினார். அக்டோபரில் மும்பையில் உள்ள எண்ணெய் வணிகர் சங்கம் மலேசியச் செம்பனை எண்ணெயைத் தவிர்க்கும்படி தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. டிசம்பரில் அவர் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் விமர்சித்தார். ஜனவரி 8 அன்று இந்திய அரசு சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அறிவிப்பில் மலேசியாவின் பெயர் இல்லை. ஆனால் கச்சா எண்ணெயை விட்டுவிட்டுச் சுத்திகரித்ததை மட்டும் பிடித்தால் அடி யாருக்கு விழும் என்பது போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவருக்குக்கூடத் தெரியும். அவருக்குத்தான் முதலில் தெரிந்தது என்றே சொல்லலாம். 2019இல் நம் எண்ணெயை அதிகம் வாங்கிய நாடு இந்தியாதான். திருப்பி அடிக்க நாம் ரொம்பச் சின்ன நாடு என்று மகாதீரே பிறகு சொன்னார்.

இதற்கெல்லாம் சற்று முன்னால், அதே ஆகஸ்டில், ஜாகிர் நாயக் கோத்தா பாருவில் பேசிய பேச்சு. மலேசிய இந்துக்கள் மகாதீரைவிட மோடியைத்தான் நம்புகிறார்கள் என்ற பொருளில் அவர் பேசினார். ஆக, எண்ணெய் சண்டை வருவதற்கு முன்பே கேள்வித்தாள் தயாராகிவிட்டது. நீ யார் பக்கம்? நாம் செய்ததெல்லாம் அந்தக் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பதில் எழுதியதுதான்.

சேமித்து வைத்த பதிவுகளை இப்போது வாசிக்கும்போது அதில் இருக்கும் அரசியலைவிட இலக்கணம்தான் என்னை நிறுத்துகிறது. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவனைச் சேர்த்துக்கொள்வது ஒன்று, வெளியே நிறுத்துவது மற்றொன்று. மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என்று இதே வேறுபாடு இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லை. அந்தப் பதிவுகளில் ‘நம்ம பிரதமர்’ என்று ஒருவர் எழுதினால் அவர் யாரைச் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க அடுத்த வரி வரை காத்திருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் ஒரே பதிவில் ‘நம்ம பிரதமர் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும், நம்ம பிரதமர் விடமாட்டாரு’ என்று எழுதியிருந்தார். முதல் பிரதமர் புத்ராஜெயாவில் இருக்கிறார், இரண்டாமவர் டெல்லியில். எழுதியவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அவருக்குப் பதில் சொன்னவர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அவரை ‘நன்றி கெட்டவன்’ என்றார்கள். ‘இங்க சோறு தின்னுட்டு அங்க வாலாட்டாதே’ என்றார் ஒரு தமிழாசிரியர். பல தலைமுறையாக நம்மை நோக்கி மலாயில் வீசப்பட்ட ‘பாலிக் இந்தியா’வை நாமே நல்ல தமிழில் பெயர்த்து நமக்குள்ளேயே வீசிக்கொண்டோம்.

மோடி பக்கம் நின்றவர்களுடைய தமிழும் சொந்தத் தமிழ் இல்லை. ‘தேசவிரோதி’ என்ற சொல் 2014க்கு முன்பு கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் எந்தத் தேநீர்க் கடையிலும் என் காதில் விழுந்ததில்லை. இந்தியச் செய்தித் தொலைக்காட்சியிலிருந்து இறங்கிய சரக்கு அது. எதிர்ப்பக்கம் பேசியவர்கள் அமைச்சு அறிக்கையின் தமிழில் பேசினார்கள். ‘நாட்டின் இறையாண்மை’, ‘பல்லின நல்லிணக்கம்’. இரண்டு பக்கமும் இரவல் வாங்கிய மொழி. ‘நம்ம எண்ணெய்’ என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். என் சேமிப்பில் ஒருவர்கூட இல்லை.

எல்லாப் பதிவுகளிலும் மிதந்துகொண்டிருந்த சொல் ‘விசுவாசம்’. (அந்த வருடப் பொங்கலுக்குத்தான் அஜித் படமும் அதே பெயரில் வந்தது. மீம் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்.) இந்தச் சொல் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் தமிழ்ப்பள்ளியின் சபைகூடல் ஞாபகம் வருகிறது. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் இரண்டாவது கோட்பாடு பேரரசருக்கும் நாட்டிற்குமான விசுவாசம். வெயிலில் நின்று வலது கையை உயர்த்திக் கத்தியிருக்கிறோம். கவனியுங்கள், பேரரசருக்கும் நாட்டிற்கும். பிரதமருக்கு என்று அதில் இல்லை. 2019இல் இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துக் காட்டவில்லை. மகாதீரை விமர்சித்தவன் நாட்டுக்கு விசுவாசமற்றவன், மகாதீரை ஆதரித்தவன் இனத்துக்கு விசுவாசமற்றவன். இரண்டு பேரையும் பிடிக்காதவன் ஒருவன் இருக்கலாம், அவன் காஷ்மீர் மக்களுக்காக வருத்தப்படவும் செய்யலாம், அதே சமயம் ஐநாவில் அதைப் பேசியவர் உள்ளூரில் செய்ததை மறக்காமலும் இருக்கலாம். அப்படி ஒரு ஆளுக்கு அந்த விவாதத்தில் நிற்க இடமே இல்லை.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி ஒன்றுக்குத் தந்த பேட்டியில், மலேசிய இந்தியர்கள் இந்த நாட்டுக்கு முழு விசுவாசமாக இல்லை என்று மகாதீர் மறுபடியும் சொன்னார். அவரது வம்சவேர் கேரளம் வரை போகிறது என்பதை உடனே தூக்கிப் போட்டார்கள். நானும் ரசித்தேன். ஆனால் அதுவும் அதே கேள்வித்தாளுக்கு எழுதிய பதில்தான். யார் தாத்தா எங்கிருந்து வந்தார் என்பதை வைத்து ஒருவரை மடக்கினால், நம்மை மடக்குவதற்கும் அதே ஆயுதத்தைக் கையில் கொடுக்கிறோம்.

மகாதீரோடு சண்டை போட நமக்குச் சொந்தக் காரணம் இல்லையா? இருக்கிறது. அவருடைய புத்ராஜெயா நிற்கும் இடத்தில் ப்ராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து வந்த ஆங்கிலேய அதிகாரிகள் திறந்த தோட்டம். அதனால்தான் மலாயில் ‘பெரும்போர்’ என்று பெயர். ரப்பர் உலகத்தில் பிபி என்று தொடங்கும் கன்று ரகங்களுக்கு அந்தப் பெயர் இங்கிருந்துதான் போனது. அதோடு கேலோவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டங்கள். தொண்ணூறுகளில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. லயத்துக்கு முன்னால் வாழையும் முருங்கையும் வைத்துக் கோழி வளர்த்தவர்கள் விரிசல் விட்ட மாடிவீட்டில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு நிலம் ஆக்கிரமிக்கப்பட்டதைப் பற்றி ஐநாவில் பேசியவரின் அலுவலகம் இந்த மண்ணில் நிற்கிறது. இதனால் காஷ்மீர் பற்றி அவர் சொன்னது பொய்யாகிவிடாது. ஆனால் நாம் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி டிங்கிலில் இருந்தது, டெல்லியில் இல்லை. 2019–20 பதிவுகளில் ப்ராங் பெசார் என்ற பெயரை ஓர் இடத்திலும் நான் பார்க்கவில்லை. நானும் எழுதவில்லை. பஜ்ஜி ஜோக் எழுதிக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் இலக்கியத்தின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சமூகம் வாய்ச்சண்டையில் பயன்படுத்தும் மொழி அதற்கு எங்கிருந்தாவது கிடைக்க வேண்டும். தலைவர் ஒருவரைப் பற்றி ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்வதற்கான வாக்கியத்தைக் கதைதான் கற்றுத்தர முடியும். நம்மால் அது முடியாது என்றும் சொல்ல மாட்டேன். ஜப்பான்காரன் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான். அதே ஜப்பான்காரனின் துணையோடுதான் 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து படை திரட்டினார். அதே தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணி படையில் சேர்ந்தார்கள். அ. ரெங்கசாமி சயாம் ரயிலை வைத்து ‘நினைவுச் சின்னம்’ எழுதினார், இந்திய தேசிய ராணுவத்தை வைத்து ‘இமையத் தியாகம்’ எழுதினார். இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை. போஸை எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து இறக்காமலேயே ரயில் பாதையில் செத்தவர்களையும் நினைக்க முடியும் என்று அந்த இரண்டு நாவல்களையும் சேர்த்து வாசித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மகாதீருக்கு அப்படி ஒன்று நடக்கவில்லை. முதல் தவணையில் மட்டும் 22 வருடம் ஆண்டவர். நான் வாசித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் அதிகாரம் என்றால் துரை, கிராணி, தண்டல். கூடிப்போனால் ஒரு மஇகா கிளைத் தலைவர். பிரதமர் என்பவர் வானிலை மாதிரி, கதைக்கு மேலே எங்கேயோ இருக்கிறார். விழா மேடைகளில் அவருக்கு வாழ்த்துப்பா மட்டும் கேட்டிருக்கிறேன். ரப்பருக்கு அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்துகூட ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டது, அதற்கு ஆள் குறைவாகப் போதும் என்று ஆனது, அந்த ஆட்களும் பிறகு இந்தோனேசியர்களாகவும் வங்காளதேசிகளாகவும் மாறியது, தோட்டத்தை விட்டவர்கள் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் வந்து லோரி ஓட்டியது, இதையெல்லாம் ஒரு முழு நாவலாக இன்னும் நான் படிக்கவில்லை. நம் கதைகளில் இன்னும் பால்தான் வடிகிறது.

பயம் என்று ஒரு காரணம் சொல்வார்கள். மறுக்க மாட்டேன். 1984இன் அச்சகச் சட்டம் அவர் காலத்தில் வந்ததுதான். 2020 டிசம்பரில் நவீனின் ‘பேய்ச்சி’ நாவலைத் தடைசெய்ததும் அதே சட்டத்தை வைத்துத்தான். 1987 லாலாங் நடவடிக்கையில் நூறு பேருக்கு மேல் உள்ளே போனார்கள். பி. பட்டு, வி. டேவிட் இருவரும் அதில் உண்டு. ஆனால் வாட்சப்பில் இரவு இரண்டு மணிவரை பெயர் போட்டுத் திட்டுவதற்கு வராத பயம் கதை எழுதும்போது மட்டும் வருகிறது என்றால் அது முழுக்கப் பயம் இல்லை. திட்டுவதற்கு அந்த மனிதரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத வேண்டுமென்றால் அவரிடம் நமக்குப் பிடித்தது எது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெரியப்பா அதை ஒப்புக்கொள்கிற ஆள். சீனப் புத்தாண்டு விடுமுறையில் கிள்ளானுக்குப் போய் அவரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், கேட்கவிடவில்லை. பெரியம்மா தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து வைத்தார். வேண்டுமென்றே சுட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டேவிட் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைச் செயலாளர், அவர் பேச்சைக் கேட்க வேலையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன் என்றார் பெரியப்பா. “அந்த மனுசனத் தூக்கி உள்ள போட்டவரு இவரு. அப்ப நான் காறித் துப்புனவன்டா.” பிறகு இரட்டைக் கோபுரம் எழும்பும்போது ஒவ்வொரு ட்ரிப்பிலும் ஹைவேயில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்டியதைச் சொன்னார். 2018 மே 9 அன்று, தராசுக்கே போட்டுப் பழகிய கையால் கண் சின்னத்துக்குக் கோடு போட்டுவிட்டு வந்து விடிய விடிய டிவி பார்த்ததைச் சொன்னார். மகாதீர் ஜெயிக்கிறார் என்று பெரியம்மாவை எழுப்பினாராம்.

“காஷ்மீரப் பத்தி அவரு சொன்னது தப்பா பெரியப்பா?”

“சரியா இருக்கலாம். எனக்கு என்னா தெரியும். ஆனா சொல்லும்போது எங்க எண்ணெய நெனைச்சாரா?” கொஞ்சம் பொறுத்து, “மோடி நெனைச்சாரா? நீ நெனைச்சியா?” என்றார்.

அப்புறம் பேச்சு எண்ணெய்க்குப் போய்விட்டது. கச்சா எண்ணெயைச் சூடாகத்தான் ஏற்றுவார்கள். இறக்கும் இடத்தில் வரிசை நீண்டு லோரி நின்றுவிட்டால் ஆறிப்போய்த் தொட்டிக்குள் கட்டியாக ஆரம்பிக்கும். அந்த மாதம் வரிசையும் இல்லை, லோரியும் இல்லை. தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் பாமாயில் பாக்கெட் கொடுப்பதை அவர் 2012இல் பழனிக்குப் போனபோது பார்த்திருக்கிறார். அது தான் ஓட்டிய எண்ணெயாக இருக்குமோ என்று வரிசையில் நின்ற ஒரு அம்மாவின் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாராம். அந்த அம்மா திருடன் என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டாராம். இதைச் சொல்லி ரொம்ப நேரம் சிரித்தார்.

பிப்ரவரியில் மகாதீர் பதவி விலகினார். மே மாதத்தில் இந்தியா மறுபடியும் நம் எண்ணெயை வாங்கத் தொடங்கியது, மலேசியா இந்தியாவிடம் 1 லட்சம் டன் அரிசி வாங்கியது. அதற்குள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாருடைய கதையும் மாறிவிட்டது. பெரியப்பா அடுத்த வருடம் லோரியை விட்டுவிட்டார். இரண்டு முறை குழுவில் சேர்த்தேன். இரண்டு முறையும் வெளியேறிவிட்டார்.